நண்டின் கொடுக்கும் நொதியின் உலோகமும்

கடந்த கல்வியாண்டில் ஒரு திங்கட்கிழமை. காலை வணக்கக் கூட்டம் முடிந்து வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரின் தாயார் கையில் ஒரு தாளுடன் வராண்டாவில் காத்திருந்தார்.

"சார், தம்பிக்குக் கால் வலின்னு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். எல்லாமே தப்பா வந்திருக்குன்னு சொல்றாங்க. நீங்க அறிவியல் வாத்தியார்தானே, கொஞ்சம் பாருங்க" என்றார். கண்கள் கலங்கியிருந்தன.

அறிக்கையில் மூன்று எண்கள் தடித்த எழுத்தில் இருந்தன. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய கால்சியம் 5-க்கும் கீழே இருந்தது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 9-ஐத் தாண்டியிருந்தது. மூன்றாவது, அல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி. எலும்பு வளரும் வயதில் இந்த நொதி பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகமாகவே இருக்கும். அந்த மாணவருக்கோ மிகமிகக் குறைவாகக் காட்டியது.

நான் மருத்துவன் இல்லை. "தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மாலையில் அவரே தொலைபேசியில் அழைத்தார். மருத்துவர் மாணவரை நடக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். நாடி பார்த்து, இ.சி.ஜி.யும் எடுத்திருக்கிறார். பிறகு, "இந்த எண்கள் நிஜமா இருந்தா பையன் இப்படி நடந்து வந்திருக்க முடியாதும்மா. ரத்தம் தப்பான குழாய்க்குப் போயிருக்கும்" என்று சொல்லி, மறுபடி ரத்தம் எடுக்கச் செய்திருக்கிறார். புதிய அறிக்கையில் மூன்றும் இயல்பான அளவில் இருந்தன. கால் வலிக்குக் காரணம் விளையாட்டில் ஏற்பட்ட தசைப்பிடிப்புதான்.

அந்தக் குடும்பத்துக்கு நிம்மதி கிடைத்தது. எனக்கோ ஒரு கேள்வி மிஞ்சியது. ரத்தம் அதே மாணவருடையது. குழாய் மட்டும் மாறியது. அதனால் ஒரு நொதியின் செயல்பாடு எப்படிக் காணாமல் போகும்? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்தவற்றை, வகுப்பறையில் பயன்படும் வகையில் ஆசிரியர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கொடுக்கு என்ற சொல்

எங்கள் ஏலாக்குறிச்சி கொள்ளிடக் கரையில் இருக்கும் ஊர். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்த வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய ஊர். அதனால் ஒரு சொல்லின் பொருளிலிருந்து பாடத்தைத் தொடங்குவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

எங்கள் மாணவர்கள் பலருக்கு வயல் வரப்பில் நண்டு பிடித்த அனுபவம் உண்டு. நண்டு தன் கொடுக்கால் விரலைக் கவ்வினால் எளிதில் விடாது என்பதும் தெரியும். ஒரு பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளைத் தட்டிவிடலாம். இரண்டு பக்கமும் கவ்வியதைப் பிரிப்பது கடினம். சில வேதிப்பொருள்கள் உலோக அயனிகளை இப்படித்தான் பிடிக்கின்றன. ஒரே மூலக்கூறு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களிலிருந்து ஒரே உலோக அயனியைக் கவ்விக்கொள்கிறது. 1920-இல் மார்கன், டிரூ என்ற வேதியியலாளர்கள் இதற்குக் கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'செலேட்' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் கொடுக்கிணைப்பு என்கிறோம். மூலச்சொல்லின் பொருள் சிறிதும் சிதையாமல் வந்திருக்கும் கலைச்சொல் இது.

ஆக்சலேட் அயனி இரண்டு இடங்களில் பிடிக்கும். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்திலிருந்து கிடைக்கும் சிட்ரேட் பொதுவாக மூன்று இடங்களில் பிடிக்கும். இ.டி.டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் எத்திலீன் டை அமீன் டெட்ரா அசெட்டிக் அமிலம், இரண்டு நைட்ரஜன், நான்கு கார்பாக்சில் தொகுதிகள் என ஆறு இடங்களில் சூழ்ந்துகொள்ளும். 1935-இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் என்பவர் இதை உருவாக்கினார். துணிக்குச் சாயமேற்றும்போது நீரிலுள்ள கால்சியம் தொல்லை கொடுத்தது. அதைக் கட்டிவைக்க, சிட்ரிக் அமிலத்துக்கு ஒரு மாற்றுத் தேவைப்பட்டது. இன்று உலகெங்கும் ரத்தக் குழாய்களில் இருக்கும் ஒரு பொருள் சாயப்பட்டறைத் தேவைக்காகப் பிறந்தது என்பதை மாணவர்கள் வியப்போடு கேட்பார்கள்.

நொதிக்குள் உலோகம் என்ன செய்கிறது?

நொதிகள் புரதங்கள் என்று பாடம் நடத்துகிறோம். ஆனால் புரதம் மட்டும் இருந்தால் எல்லா நொதிகளும் வேலை செய்துவிடாது. பலவற்றுக்குத் துணைக்காரணி ஒன்று தேவை. பெரும்பாலும் அது ஓர் உலோக அயனி. நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கொண்ட நொதியில் ஒன்றிரண்டு உலோக அயனிகளே இருக்கும். எடையில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. எடுத்துவிட்டால் வேலை நின்றுவிடும்.

மனித உடலிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லலாம்.

முதலாவது, உமிழ்நீரிலுள்ள அமைலேஸ். 496 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த நொதியில் ஒரே ஒரு கால்சியம் அயனி இருக்கிறது. அது நேரடியாக ஸ்டார்ச்சை வெட்டுவதில்லை. நொதியின் வடிவம் குலையாமல் தாங்கி நிற்கிறது. கூரைவீட்டின் நடுக்கால் போல என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

இரண்டாவது, சிவப்பணுக்களில் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ். திசுக்களில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை ரத்தம் சுமந்து செல்ல ஏதுவாக மாற்றுவது இதுவே. அதன் மையத்தில் ஒரு துத்தநாக அயனி இருக்கிறது. வேதிவினையை நடத்துவதே அதுதான். இதை 1940-இல் கெய்லின், மான் என்ற அறிஞர்கள் கண்டறிந்தார்கள்.

மூன்றாவது, நம் கதையின் நாயகனான அல்கலைன் பாஸ்படேஸ். இதன் வினை நடக்கும் ஒவ்வொரு மையத்திலும் இரண்டு துத்தநாக அயனிகளும் ஒரு மெக்னீசியம் அயனியும் உள்ளன. எலும்பு உருவாகும் இடங்களில் இந்த நொதி மும்முரமாக வேலை செய்கிறது.

நொதியும் உலோகத்தைப் பிடித்திருக்கிறது. கொடுக்கிணைப்புப் பொருளும் அதே உலோகத்தைப் பிடிக்க வருகிறது. எனவே இது இருவருக்கும் நடக்கும் போட்டி. யாருடைய பிடி வலுவானது, எவ்வளவு நேரம் கிடைக்கிறது, யார் அதிக எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்பவையே முடிவைத் தீர்மானிக்கும். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் பின்வரும் எல்லாவற்றையும் மாணவர்களே விளக்கிவிடுவார்கள்.

மூன்று மூடிகள் சொல்லும் பாடம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கும்போது வெவ்வேறு நிற மூடி போட்ட குழாய்களைப் பார்த்திருப்போம். நிறம் அழகுக்காக வைத்ததன்று. உள்ளே என்ன வேதிப்பொருள் இருக்கிறது என்பதை அது சொல்கிறது.

ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ.யின் பொட்டாசியம் உப்பு இருக்கும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு ஏறத்தாழ 1.8 மில்லிகிராம். ரத்தம் உறைவது என்பது நொதிகள் ஒன்றையொன்று தூண்டிவிடும் தொடர்வினை. அதில் பல படிகளுக்குக் கால்சியம் அயனி கட்டாயம் தேவை. இ.டி.டி.ஏ. கால்சியத்தைக் கவ்விக்கொள்வதால் சங்கிலி அறுந்து, ரத்தம் உறையாமல் நிற்கிறது. ரத்த அணுக்களின் வடிவமும் நன்கு காக்கப்படுகிறது. ஹீமோகுளோபின் அளவு, அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு இந்தக் குழாய்தான் ஏற்றது.

இங்கே ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டார். "சார், ஹீமோகுளோபின்ல இரும்பு இருக்கே, அதை இது எடுத்துடாதா?" எடுக்காது. ஏனென்றால் அந்த இரும்பை ஹீம் என்ற வளையம் ஏற்கெனவே நான்கு பக்கமும் சூழ்ந்து பிடித்திருக்கிறது. ஹீமும் ஒரு கொடுக்கிணைப்புதான். இலையின் பச்சையத்தில் மெக்னீசியம் இருப்பதும் இதே முறையில்தான். இயற்கை நமக்கு முன்பே இந்த வித்தையைக் கற்றிருக்கிறது.

இளநீல மூடிக் குழாயில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் கரைசல் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு கரைசல். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அறிய இது பயன்படுகிறது. சிட்ரேட்டின் பிடி இ.டி.டி.ஏ.யைவிடத் தளர்வானது. ஆய்வகத்தில் வேண்டியபோது கால்சியம் குளோரைடு சேர்த்தால், நின்றுபோன உறைதல் வினை மறுபடி தொடங்கும். அந்த நொடியிலிருந்து நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். நொதிகள் அழிந்துவிடவில்லை, கால்சியத்துக்காகக் காத்திருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ரத்ததான முகாமில் பயன்படுத்தும் பையிலும் சிட்ரேட்டே இருக்கிறது. பெறுபவரின் உடலுக்குள் போனதும் கல்லீரல் அந்தச் சிட்ரேட்டைச் சிதைத்துவிடும். 1914-இல் பெல்ஜியத்தில் ஹஸ்டினும் அர்ஜென்டினாவில் அகோட்டேயும் சிட்ரேட் கலந்த ரத்தத்தை நோயாளிக்குச் செலுத்திக் காட்டிய பிறகே, ரத்தத்தைச் சேமித்துவைத்துக் கொடுக்கும் காலம் பிறந்தது.

சாம்பல் மூடிக் குழாய் சர்க்கரை அளவுக்கானது. எடுத்த ரத்தத்திலுள்ள அணுக்கள் உயிரோடு இருக்கின்றன. அவை குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துவிடும். காலையில் எடுத்த ரத்தத்தை மதியம் சோதித்தால் சர்க்கரை நோயாளிக்குக்கூட அளவு குறைவாகக் காட்டலாம். இந்தக் குழாயில் பொட்டாசியம் ஆக்சலேட்டும் சோடியம் புளோரைடும் இருக்கும். ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து உறைதலைத் தடுக்கிறது. புளோரைடு கொடுக்கிணைப்புப் பொருள் அன்று. ஆனால் அதுவும் பாஸ்பேட்டோடு சேர்ந்து, குளுக்கோஸ் சிதைவில் பங்கேற்கும் ஈனோலேஸ் நொதியின் மெக்னீசியத்தையே முடக்குகிறது. வழி வேறு, இலக்கு ஒன்றுதான்.

இப்போது அந்த மாணவரின் அறிக்கைக்கு வருவோம். கால்சியம், அல்கலைன் பாஸ்படேஸ் போன்றவற்றைச் சோதிக்க, இ.டி.டி.ஏ. இல்லாத சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். ஊதா மூடிக் குழாயின் ரத்தம் சிறிதளவு அதில் கலந்தாலும் என்ன நடக்கும்? இ.டி.டி.ஏ. கால்சியத்தைக் கட்டிவிடும். கால்சியம் குறைவாகக் காட்டும். இ.டி.டி.ஏ.யோடு வந்த பொட்டாசியம் கணக்கில் சேரும். பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். அல்கலைன் பாஸ்படேஸின் துத்தநாகமும் மெக்னீசியமும் பறிபோகும். நொதி குழாயில் இருந்தும் வேலை செய்யாது. நொதியின் அளவை ஆய்வகம் எடைபோட்டு அறிவதில்லை. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வைத்தே கணக்கிடுகிறது. வேலை நின்றால் நொதியே இல்லாதது போல எண் வரும். மூன்று எண்களும் சேர்ந்து மாறியதுதான் மருத்துவருக்குக் கிடைத்த துப்பு.

இதற்காகவே, ரத்தம் எடுப்பவர்கள் ஊதா மூடிக் குழாயை மற்றவற்றுக்குப் பிறகு நிரப்ப வேண்டும் என்ற ஒழுங்குமுறை இருக்கிறது. முதலில் நீலம், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், அதன்பின் பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஒரு குழாயில் ரத்தம் குறைந்துவிட்டது என்று இன்னொன்றிலிருந்து ஊற்றவும் கூடாது. அவசரத்தில் செய்யும் அந்தச் சிறு காரியம் ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

என் சோதனை தோற்ற கதை

இவ்வளவும் படித்த உற்சாகத்தில், வகுப்பில் செய்துகாட்ட நினைத்தேன். கஞ்சித் தண்ணீர், உமிழ்நீர், அயோடின் கொண்டு செய்யும் சோதனை நம் எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்டார்ச் இருந்தால் கருநீலம் தோன்றும். அமைலேஸ் அதைச் சிதைத்ததும் நிறம் மறையும். உமிழ்நீரில் முன்கூட்டியே சோடியம் சிட்ரேட் சேர்த்துவிட்டால் கால்சியம் பறிபோய், கருநீலம் மறையாமல் நிற்கும் என்று கரும்பலகையில் எழுதியும் வைத்தேன்.

பத்து நிமிடத்தில் இரண்டு சோதனைக்குழாய்களிலும் நிறம் மறைந்தது. மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. "சரி, ஏன் தோற்றது என்று கண்டுபிடிப்போம்" என்றேன். அன்று நடந்த உரையாடல், சோதனை வென்றிருந்தால் நடந்திருக்காது.

அமைலேஸ் தன் கால்சியத்தை மிக இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. சிட்ரேட்டின் பிடி அதற்கு ஈடாகாது. உமிழ்நீரில் தனியாகவும் கால்சியம் இருக்கிறது. சிட்ரேட்டின் பெரும்பகுதி அதையே பிடித்துக்கொண்டு ஓய்ந்திருக்கும். வலுவான இ.டி.டி.ஏ.கூட அமைலேஸின் கால்சியத்தை நொடியில் பறித்துவிடாது, நேரம் தேவை. ஆய்வகக் குழாயில் அந்த நேரம் கிடைக்கிறது. அதனால்தான் அமைலேஸ் அளவிடவும் இ.டி.டி.ஏ., சிட்ரேட், ஆக்சலேட் கலந்த ரத்தத்தைத் தவிர்க்கிறார்கள்.

முன்னே சொன்ன கார்பானிக் அன்ஹைட்ரேஸ் இன்னும் பிடிவாதக்காரர். இ.டி.டி.ஏ. துத்தநாகத்தை வலுவாகப் பிடிக்கும் பொருள்தான். இருந்தும் இந்த நொதியின் ஆழத்தில் இருக்கும் துத்தநாகத்தை அதனால் எளிதில் எடுக்க முடிவதில்லை. நொதியின் குழிக்குள் நுழையக்கூடிய சிறிய கொடுக்கிணைப்புப் பொருள்களை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆகவே 'இ.டி.டி.ஏ. சேர்த்தால் உலோக நொதிகள் எல்லாம் நின்றுவிடும்' என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொரு நொதிக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு.

மருந்தாகும் கொடுக்கு

இதுவரை பார்த்தவற்றில் கொடுக்கிணைப்புப் பொருள் நொதியின் வேலையை நிறுத்தியது. நின்றுபோன நொதியை மீட்டெடுப்பதும் அதுவே.

பழைய பெயின்ட், பேட்டரி உடைக்கும் இடங்கள் ஆகியவற்றிலிருந்து காரீயம் குழந்தைகளின் உடலுக்குள் போகிறது. ஹீம் தயாரிப்பில் பங்கேற்கும் ஒரு நொதியில் துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் காரீயம் போய் உட்கார்ந்துகொள்கிறது. நொதி நின்றுவிடுகிறது. ரத்தசோகையும், அதைவிட மோசமாக மூளை வளர்ச்சிக் குறைபாடும் வரக்கூடும். அளவு மிக அதிகமாகும்போது மருத்துவர்கள் கொடுக்கிணைப்பு மருந்து தருகிறார்கள். அவற்றில் ஒன்று கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ.

கால்சியத்தை ஏற்கெனவே பிடித்திருக்கும் மருந்து எப்படிக் காரீயத்தைப் பிடிக்கும்? இங்கே எண்கள் உதவும். இ.டி.டி.ஏ.யின் பிடிவலிமையை மடக்கை அளவில் சொன்னால் மெக்னீசியத்துக்கு 8.7, கால்சியத்துக்கு 10.7, துத்தநாகத்துக்கு 16.5, காரீயத்துக்கு 18, மூன்று நேர்மின்சுமை கொண்ட இரும்பு அயனிக்கு 25. மடக்கை அளவில் ஒன்று கூடினால் பிடி பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். கால்சியத்தைவிடக் காரீயத்தின் மீதான பிடி ஒரு கோடி மடங்குக்கும் மேல். காரீயத்தைக் கண்டதும் மருந்து கால்சியத்தை விட்டுவிட்டுக் காரீயத்தைப் பிடித்து, சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. பத்தாம் வகுப்புக் கணிதத்தையும் அறிவியலையும் இணைத்துப் பேச இது நல்ல வாய்ப்பு.

இந்த மருத்துவத்தின் முன்னோடி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழுவினர் உருவாக்கிய டைமெர்கேப்ரால். ஆர்செனிக் கொண்ட போர் நச்சு ஒன்று, உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் நொதியின் கந்தகத் தொகுதிகளைப் பிடித்து முடக்கியது. அதே போல இரண்டு கந்தகக் கைகள் கொண்ட மருந்தைச் செய்து ஆர்செனிக்கை ஈர்த்துக்கொண்டார்கள். 1956-இல் ஜான் வால்ஷ், உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய்க்குப் பெனிசிலமைன் தரலாம் என்று காட்டினார். தலசீமியா குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பை வெளியேற்றவும் கொடுக்கிணைப்பு மருந்துகளே உதவுகின்றன.

பெயரில் ஒரு சொல் குறைந்தால்

கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. என்பதில் 'கால்சியம்' என்ற சொல்லை நீக்கினால் டைசோடியம் இ.டி.டி.ஏ. ஆகிவிடும். அது வேறு மருந்து. அதன் கொடுக்கு காலியாக இருக்கிறது. ரத்தத்தில் ஏறியதும் அருகில் கிடைக்கும் கால்சியத்தைப் பிடித்துவிடும். இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் கால்சியம் வேண்டும். 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் கொடுக்கிணைப்புச் சிகிச்சையின்போது ரத்தக் கால்சியம் குறைந்து மூவர் இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006-இல் பதிவுசெய்தது. அவர்களில் இருவர் சிறு குழந்தைகள். ஒரு குழந்தைக்கு ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாகச் சொல்லி அந்தச் சிகிச்சை தரப்பட்டிருந்தது. நம் மாணவரின் அறிக்கையில் தாளில் மட்டும் இருந்த அந்தக் குறைந்த கால்சியம், அந்தக் குழந்தைகளின் உடலில் உண்மையாகவே நிகழ்ந்தது.

இதை நான் ஆசிரியர்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோர் முதலில் நம்மிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள். "உடம்பில இருக்கற உலோக விஷத்தை எடுத்துட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே, சார்" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். ஆட்டிசத்துக்குக் கொடுக்கிணைப்புச் சிகிச்சை பயன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆபத்து உண்டு. கொடுக்கு நல்ல உலோகம், கெட்ட உலோகம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பிடிக்க முடிந்ததைப் பிடிக்கும். ரத்தத்தில் நச்சு உலோகம் இருப்பது சோதனையில் உறுதியாகி, மருத்துவமனையில் மருத்துவர் கண்காணிப்பில் தரும்போது மட்டுமே அது மருந்து. இதை மென்மையாக, தெளிவாகச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரையும் தேநீரும்

நம் பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் நீல நிற இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை தருகிறோம். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து. அதை விழுங்கிய கையோடு தேநீர் குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடலில் சேர வேண்டியது வீணாகும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர், காபியைத் தவிர்க்கச் சொல்லலாம்.

தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள ஃபைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் இப்படியே கட்டிவைக்கிறது. அதைச் சிதைக்கப் போதுமான நொதி நம் குடலில் இல்லை. தானியத்திடமே அந்த நொதி இருக்கிறது. ஊறவைக்கும்போதும் முளைகட்டும்போதும் அது விழித்துக்கொள்கிறது. மாவு புளிக்கும்போது நுண்ணுயிரிகளும் துணை செய்கின்றன. கம்பங்கூழைப் புளிக்கவைத்த, பயறை முளைகட்டிய நம் பாட்டிமார்களின் வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நொதியியல் இருக்கிறது. இன்னொரு பக்கம், நெல்லிக்காய், எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, இரும்பைக் குடல் உறிஞ்சத்தக்க நிலையில் வைத்திருக்க உதவுகிறது. பிடித்து மறைப்பதும் உண்டு, பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உண்டு.

வகுப்பறையில் செய்ய

உமிழ்நீர்ச் சோதனை என் கையில் தோற்ற பிறகு, கொடுக்கிணைப்பைக் கண்ணால் காட்ட வேறொரு வழியைக் கையாண்டேன். அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. கடினநீர் கிடைப்பது எளிது. கிடைக்காத ஊர்களில் நல்ல தண்ணீரில் சிறிது கால்சியம் குளோரைடு கரைத்துக்கொள்ளலாம்.

மூன்று சோதனைக்குழாய்களில் சம அளவு கடினநீர் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவதில் எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டாவதில் சிறிதளவு சமையல் சோடா மட்டும். மூன்றாவதற்கு, மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை நீரில் கரைத்து, நுரைத்துப் பொங்குவது நிற்கும்வரை சமையல் சோடா சேர்த்து, அந்தச் சோடியம் சிட்ரேட் கரைசலைத் தாராளமாக ஊற்ற வேண்டும். பிறகு மூன்றிலும் சம அளவு சோப்புக் கரைசலை விட்டு, ஒரே எண்ணிக்கையில் குலுக்க வேண்டும். சலவைத்தூளோ ஷாம்பூவோ கூடாது. அவை கடினநீரிலும் நுரைக்கும். முதல் குழாயில் திரிதிரியாகப் படிவு தோன்றும், நுரை குறைவு. மூன்றாவதில் நுரை நன்றாக எழும். நுரையின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம். இரண்டாவது குழாய் எதற்கு என்று மாணவர்களையே கேட்கலாம். நுரைக்குக் காரணம் சோடாவா, சிட்ரேட்டா என்று பிரித்தறியவே அது வைக்கப்பட்டது.

தொடக்க நிலையில் சொல்லித்தர ஒரு விளையாட்டு உண்டு. ஒரு மாணவர் கையில் பந்து. அவர் நொதி, பந்து உலோகம். ஒற்றைக் கையால் பந்தை வாங்க முயல்பவர் ஒருவர், இரு கைகளாலும் முயல்பவர் இன்னொருவர். யார் எளிதில் வாங்குகிறார்? பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கே போட்டி புரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். உமிழ்நீர்ச் சோதனை செய்தால் ஒவ்வொருவரும் தம்முடையதை மட்டுமே கையாள வேண்டும். சோதனைக்காக வகுப்பில் யாரிடமும் ரத்தம் எடுக்கக் கூடாது. காலிக் குழாய்களைச் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி, மூடி நிறங்களையும் ஒட்டியிருக்கும் தாளையும் காட்டினாலே போதும்.

அந்த மாணவர் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறார். அண்மையில் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் ஹீமோகுளோபின் சோதனைக்காக ரத்தம் எடுத்தபோது, வரிசையில் நின்ற அவர், "அக்கா, ஊதா மூடி தானே?" என்று செவிலியரைக் கேட்டார். செவிலியர் நிமிர்ந்து பார்த்து, "ஆமாப்பா, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.